கூரை மட்டும்

மேலிருந்து எடுத்த படத்தில் முகம் தெரியாது. ஆறு வருடமாகப் பெரியவள் பார்த்து வந்த படங்களில் மனிதர்கள் என்றால் ஒரு கருப்புப் புள்ளி, அதை ஒட்டி இரண்டு தோள்கள், பக்கத்தில் காலை வெயில் இழுத்துப் போட்ட நீள நிழல், அவ்வளவுதான். சின்ன விமானம் ஒன்று ஊருக்கு மேலே கோடு கிழித்தாற்போல் நேராகப் பறந்து, வயிற்றில் மாட்டிய கேமராவால் கீழே இருப்பதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டே போகும். அந்தப் படத்தில் தெரிகிற ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் மூலைக்கு மூலை மவுஸால் தட்டி, சுற்றிலும் கோடு வரைவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு கூரை. ஆறு வருடத்தில் எத்தனை லட்சம் புள்ளித் தலைகளைத் தாண்டி வந்திருப்பாளோ, ஒன்றுக்குக்கூட மூக்கு இருந்ததில்லை.

இதற்கு இருந்தது. மூக்கு, கண் குழிகள், திறந்த வாய்.

பெரிய திரை வந்தது அன்று காலைதான். நான்கு மாதமாகத் தலைவலி, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி, கடைசியில் கண் டாக்டரின் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்த பிறகு, சூப்பர்வைசர் மனமிரங்கி நாற்பத்து மூன்று அங்குலத்தில் ஒன்றை வரவழைத்தார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அதுதான். பக்கத்து மேசைக்காரர், வாயைத் திறந்தால் அணைக்கப் பொத்தான் கிடையாது என்பதால் அலுவலகமே ரேடியோ என்று கூப்பிடும் மனிதர், எட்டிப் பார்த்துவிட்டு, "டிக்கெட் எவ்ளோங்க? இடைவேளை எல்லாம் உண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. புது பிளாஸ்டிக் வாசனை, சுட்ட தூசியின் வாசனை, கன்னத்தில் வந்து படுகிற லேசான சூடு, அடியில் எங்கோ விடாமல் ஒலிக்கும் மெல்லிய ரீங்காரம். மேல் விளிம்பைப் பார்க்க அண்ணாந்தாக வேண்டியிருந்தது. ஊரே எழுந்து சுவராக நின்று தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பழைய திரையில் தாயக்கட்டை அளவில் இருந்த வீடுகள் இதில் உள்ளங்கை அகலம் இருந்தன. கொடியில் காயும் துணியை எண்ணலாம். தண்ணீர்த் தொட்டி மூடியின் விரிசலைப் பார்க்கலாம்.

மூன்றாவது பட்டையில் அந்த முகம் இருந்தது. விமானம் ஒரு முறை பறந்து எடுத்த நீளப் படத்துக்குப் பட்டை என்று பெயர். அவள் குடியிருக்கும் இந்த ஊருக்கு மொத்தம் பதினொன்று. நல்ல வெயிலடிக்கும் காலையாகப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்தவை.

"இங்க பாருங்களேன்" என்றாள்.

ரேடியோ நாற்காலியோடு உருண்டு வந்தார். "மாடியில யாரோ படுத்திருக்காங்க. வெயில் காயறாங்க. மேல பிளேன் சத்தம் கேட்டிருக்கும், முழிச்சுப் பாத்திருப்பாங்க. இதுக்குப் போய் பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க?"

சரிதான். மல்லாந்து படுத்திருந்தால் முகம் தெரியத்தானே செய்யும். அவள் அந்த வீட்டைச் சுற்றி நான்கு புள்ளி வைத்துக் கோட்டை மூடிவிட்டு அடுத்த கூரைக்குப் போனாள்.

மறுநாள் நான்காவது பட்டை. மதியம் இரண்டு மணி சுமாருக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்தில், இன்னொரு மாடியில் இன்னொரு ஆள் படுத்திருந்தது. மாடிப்படிக் கதவுக்கு இரண்டடி தள்ளி. கை கால்களை அகட்டிக்கொண்டு. மருந்து ஊற்றக் காத்திருக்கும் குழந்தையைப் போல அதே திறந்த வாய்.

அவள் ரேடியோவைக் கூப்பிடவில்லை. ரீங்காரம் சற்றே கூடின மாதிரி இருந்தது. பின்னங்கழுத்து விண்ணென்று தெறித்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவளும் தங்கையும். அப்பா அம்மா இருந்த காலத்தில் பெரியவளே, சின்னவளே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்கள் போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. சின்னவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடக்கணக்கில் ராத்திரி ட்யூட்டி. பெரியவள் காலை எட்டேகாலுக்குக் கிளம்பும்போது அவள் வந்து செருப்பைக் கழற்றுவாள். பெரியவள் சாயங்காலம் ஆறுக்கு வந்தால் எட்டு வரை இரண்டு மணி நேரம் அக்காவும் தங்கையும் ஒன்றாக இருக்கலாம். மீதி நேரமெல்லாம் தையல் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி வீட்டில் ஒருத்தி மட்டும்தான்.

அன்று சாயங்காலம் சின்னவள் அக்காளின் கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கை, எங்கே வலி என்று கேட்காமலே போய் நிற்கும்.

"கல்லு மாதிரி இருக்குக்கா. அந்த சனியனைக் கீழ இறக்கி வைக்கச் சொல்லு. பார்வை நேரா போகணும், அண்ணாந்து பாத்துட்டே இருந்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"சொல்றேன். நீ ஏன் இப்படி இருக்க? கண்ணு உள்ள போயிருக்கு."

"எங்க தூங்கறது? பகல்ல மாடியில யாரோ நடக்கறாங்க. ரெண்டு மூணு வாரமாவே."

"பூனையா இருக்கும்."

"பூனை கதவைத் திறக்குமா? தினமும் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுக்கறேன். எழுந்து பாத்தா மாடிக் கதவு ஆவென்னு திறந்து கிடக்கு." சின்னவள் தைலக் கையைத் துடைத்தாள். "நடக்கறதுன்னும் சொல்ல முடியாது. ஏதோ இழுத்துட்டுப் போற மாதிரி. தரையோட தரையா."

பெரியவள் மேலே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நீலத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் தங்கையின் வெள்ளைச் சீருடை, இன்னும் சூடு ஆறாத தரை. ஒரு பூட்டைத் தேடி எடுத்து மாடிக் கதவில் உள்பக்கமாக மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே நிம்மதியா தூங்கு."

"எங்கக்கான்னா எங்கக்காதான்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் ட்யூட்டிக்குப் போனாள்.

புதன்கிழமை காலை, வேலையைத் தொடங்கும் முன் பெரியவள் முதல் பட்டையைத் திறந்தாள். போன வாரம் பழைய சின்னத் திரையில் அவளே வரைந்து முடித்தது. கூரை கூரையாக நகர்ந்தாள். ஒன்றரை மணி நேரம் தேடினாள். இருந்தது. அன்றைக்கு அது ஒரு வெளுத்த புள்ளி. துணி என்றோ கோணி என்றோ நினைத்திருப்பாள், நினைக்கக்கூட இல்லையோ என்னவோ. அதைச் சுற்றி அவள் கையாலேயே வைத்த நான்கு புள்ளிகள் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

இரண்டாவதிலும் இருந்தது. ஐந்தில், ஆறில். ஒரு பட்டைக்கு ஒன்று. எல்லாம் மாடிப்படிக் கதவுக்குப் பக்கத்தில்.

ஆறாவதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். இவ்வளவு பெரிய திரையில் அது ஏறத்தாழ ஆள் நீளத்துக்கு வந்து நின்றது. அப்போதுதான் கால்களைப் பார்த்தாள். விரல்கள் தெரியவில்லை. தெரிந்தவை இரண்டு குதிகால்கள். முழங்கையின் உள்மடிப்பு தெரியவில்லை, முழங்கை முட்டிதான் தெரிந்தது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் துணிக்கடியில் முறம் போல் புடைத்திருந்தன.

அது மல்லாந்து படுத்திருக்கவில்லை. குப்புறப் படுத்திருந்தது.

பிடரி இருக்க வேண்டிய இடத்தில் முகம்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அலுவலகம் எப்போதும்போல் இருந்தது. யாரோ யாருக்கோ பிறந்தநாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சு இயந்திரம் காகிதம் தீர்ந்து கத்தியது. அவள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கேமரா கோளாறும்மா. ரெண்டு படத்தை ஒட்டுறப்போ இப்படி ஆகும். தலை ஒண்ணுலேருந்து, உடம்பு ஒண்ணுலேருந்து."

"ஆறு பட்டையிலயும் இருக்கு சார்."

"இருந்துட்டுப் போகட்டும். நமக்குக் கூரை மட்டும். ஆள் எதுக்கு?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இந்தப் பெரிய ஸ்கிரீனு உங்களுக்குச் சேரலை போல. தலைவலின்னா லீவு போட்டுட்டுப் போங்கம்மா."

அவள் போகவில்லை. ஆறு வீடுகளையும் ஊர்ப்படத்தில் குறித்தாள். மேற்கு எல்லையில் தொடங்கி, தேதி ஏற ஏற, கிழக்கே கிழக்கே வந்துகொண்டிருந்தது. பார்க்க ஒரு கோடு. அதைக் கண்ணால் நீட்டிப் பார்த்தாள். குளத்தைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, தையல் கடை இருக்கும் தெரு.

ஏழாவது முதல் ரேடியோவின் பங்கு. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஏழையும் எட்டையும் திறந்தாள். இப்போது தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இருந்தது. இருந்தது.

ஒன்பதாவது.

பாதிப் படம் மேகம். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. அந்தப் பஞ்சு முடிகிற இடத்தில் அவர்கள் தெரு. நீலத் தொட்டி. கொடி. வெள்ளைச் சீருடை.

மாடிப்படிக் கதவுக்கு இரண்டடி தள்ளி.

படத்தின் மூலையில் தேதி. பத்தொன்பது நாளுக்கு முன்னால்.

அவள் செய்த அடுத்த காரியம் அவளுக்கே பிறகு புரியவில்லை. போனை எடுக்கவில்லை. பத்தாவது பட்டையைத் திறந்தாள். போயிருக்கும், அது பாட்டுக்கு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும் என்று பத்தாவது பட்டையின் ஒவ்வொரு மாடியாகத் தேடினாள். கோடு நேரே போகிற வழியில் தேடினாள், வழிக்கு இரு பக்கமும் தேடினாள், பிறகு மேலிருந்து கீழ் வரை வரிசையாகத் தேடினாள். யாரோ ஒருவர் வீட்டு மாடியில் அது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினாள். அந்த வேண்டுதலுக்காக வெட்கப்படக்கூட நேரமில்லை. பதினொன்றாவதையும் தேடினாள்.

எங்கும் இல்லை.

அது போகவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

சின்னவளுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. தூங்கும்போது எப்போதும் அணைத்துத்தான் வைப்பாள். வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரைக் கூப்பிட்டாள்.

"மேல சத்தமே இல்லியேம்மா. பாப்பா தூங்குது போல."

"கொஞ்சம் கதவைத் தட்டிப் பாருங்கண்ணே. இப்பவே. போனைக் கையில வெச்சுக்குங்க."

அவர் படியேறுவது கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. கதவைத் தட்டுவது கேட்டது. அப்புறம் ஏதோ ஒரு பேச்சு, தெளிவில்லாமல். மறுபடியும் படிகள்.

"பேசிச்சும்மா. நல்லாத்தான் இருக்காம். அக்காவைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னுச்சு."

"கதவைத் திறந்தாளா?"

"இல்லம்மா, உள்ளேருந்துதான். ஆனா..." அவர் தயங்கினார். "எனக்குக் காது மந்தம், உனக்குத் தெரியுமே. குரல் கதவுக்குப் பின்னாடியிருந்து வந்த மாதிரி இல்ல. ரொம்ப உயரத்துலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு."

கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தபோது ரேடியோ குரல் கொடுத்தார். "என்னங்க, கிளம்பிட்டீங்களா? ஒன்பதாவது பட்டை மேகமா இருந்துச்சில்ல, இன்னைக்குக் காலையில மறுபடி பறந்து எடுத்துட்டாங்க. இப்பதான் வந்துச்சு. உங்க திரையில பாத்தா பளிச்சுனு இருக்கும்" என்றபடி அவரே கை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினார்.

சுவர் முழுக்க ஊர் விரிந்தது. மேகமே இல்லை. காலை பத்து மணி பத்து நிமிடம் என்று மூலையில் எழுதியிருந்தது. தெரு. தொட்டி. கொடி. துணியில்லாத வெறும் கொடி.

அது அங்கே இல்லை.

மாடிக் கதவு திறந்திருந்தது. கருப்பாக, ஒரு பல் விழுந்த இடம் போல. பூட்டின் சாவி அவள் பைக்குள் விரலில் தட்டுப்பட்டது.

பஸ்ஸில் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மக்கள் நிதானமாக ஏறினார்கள், நிதானமாக இறங்கினார்கள். நடத்துநர் சில்லறைக்குச் சண்டை போட்டார். போலீசைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? படத்தில் ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்றா? ரீங்காரம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தை விட்டு வந்து இவ்வளவு தூரமாகியும்.

தையல் கடை மதியத்துக்காகப் பாதி மூடியிருந்தது. படிகளில் வெயில். கதவு பூட்டவில்லை. தள்ளினாள்.

திரைச்சீலைகள் இழுத்து விட்டிருந்தன. தைல வாசனை. அதற்கடியில் வேறொன்று, வெயிலில் வெகு நேரம் கிடந்த ஈரத் துணியின் வாடை. மின்விசிறி நின்றிருந்தது. சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் உள்ளே கட்டில் தெரியும். கட்டிலில் சின்னவள் தெரிந்தாள்.

வெளிச்சம் உறுத்தும் என்று பகலில் குப்புறப் படுத்துத் தலையணையில் முகம் புதைத்துத்தான் தூங்குவாள். இப்போதும் குப்புறத்தான் படுத்திருந்தாள். சீருடையின் முதுகுப் பக்கம். வெளுத்த குதிகால்கள் இரண்டு. பெரியவளுக்கு மூச்சு வந்தது. "குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசற்படியைத் தாண்டினாள்.

தலையணையின்மேல் பின்னந்தலை இருந்தது.

முகம் மேலே இருந்தது.

உயிர் இருந்தது. கண் இமைத்தது. கண்ணிலிருந்து நீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் அக்காளைப் பார்க்கவில்லை. அக்காளின் தலைக்கு மேலே, கூரையில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அதை விட்டு எடுக்க முடியாத மாதிரி. திறந்த வாய் மூடவே இல்லை. மூடாமலே நாக்கு மட்டும் அசைந்தது.

"அக்கா. மேல பாக்காத."

பெரியவள் தரையைப் பார்த்தாள். முட்டி போட்டாள். தங்கையின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது. தைலம் இன்னும் பிசுபிசுத்தது.

"பாக்கல. நான் பாக்கல குட்டி. உன்னைத் தூக்கிட்டுப் போயிடறேன். கண்ணை மூடிக்கோ."

"முடியலக்கா."

தலைக்கு மேலே ஏதோ நகர்ந்தது. மாடியில் அல்ல. இந்தப் பக்கம். உள்ளே. காரையில் துணி உரசுகிற ஓசை. மெதுவாக. தரையோடு தரையாகப் போவது போல, கூரையோடு கூரையாக. நேரே மேலே வந்து நின்றது.

சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் அவள் மணிக்கட்டில் உதிர்ந்தது.

கண்ணை இறுக மூடினாள். ஓட வேண்டும். தங்கையின் விரல்கள் அவள் விரல்களுக்குள் இருந்தன. ஓடவில்லை.

மோவாயில் இரண்டு விரல்கள் பட்டன. குளிர்ச்சியாக. அடம் பிடிக்கும் குழந்தையின் முகத்தை நிமிர்த்துகிற மாதிரி, நோகாமல். கழுத்தைக் கெட்டியாக்கினாள். பல்லைக் கடித்தாள். பயனில்லை. முகம் எழுந்தது. இமைகள் தாமாகப் பிரிந்தன.

தரை. கட்டில் கால். தங்கையின் தொங்கும் முடி. தங்கையின் வாய். அது இப்போது வேண்டாம் வேண்டாம் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சுவர். சுவரில் ஆணி. அலமாரியின் உச்சி, அதன்மேல் தூசி படிந்த பெட்டி. விசிறியின் ஓர் இறகு.

சுவர் முடிகிற இடம்.